உப்புக் கேட்ட கப்பல் சமையல்காரர்

பிள்ளைகளே, கல்முனையில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கப்பல் சமையல்காரர் இருந்தார். அடுப்புச் சூட்டில் புருவம் கருகிய, மெலிந்த மனிதர். சமைக்கும்போது அடுப்பை விட்டு அசையமாட்டார்.

அது நோன்பு மாதம். மூத்தவள், உங்கள் ராத்தாவுக்கு அப்போது ஐந்து வயது. காய்ச்சல் விட்டும் மூன்று நாளாக அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கேள்விப்பட்டவர், பின்னேரம் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு தன் பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“சீனாக்காரர்ர கஞ்சி, தங்கச்சி. அரைச் சுண்டு அரிசிக்கு அஞ்சு சுண்டு தண்ணி, இஞ்சி, கோழி.”

“ஹலாலா காக்கா?” என்றார் உங்கள் உம்மா.

“கோழி நான் பிஸ்மி சொல்லி அறுத்தது.”

“தேங்காய்ப்பால் இல்லாம என்ன கஞ்சி?”

அவர் சிரித்தார். குக்கரின் ஆவி தானாக அடங்கும்வரை யாரையும் மூடியைத் தொடவிடவில்லை. திறந்தபோது அரிசி பாலாய்க் கரைந்திருந்தது. ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் கெஞ்சவில்லை. “மகள், நாங்க எல்லாரும் நோன்பு. உப்புப் பார்க்க இந்த வீட்டில உங்கட நாக்குத்தான் இருக்கு” என்றார்.

ராத்தா ஒரு கரண்டி குடித்துப் பார்த்து, “உப்புக் காணாது” என்றாள். ஒரு நுள்ளு போட்டார். “இன்னும் காணாது.” நாலாம் தரம் அவர் உப்புக் கேட்டபோது அவள் கோப்பை காலி.

நோன்பு பிடித்துக்கொண்டே ஒரு கப்பலுக்குச் சமைத்தவருக்கு உப்பின் அளவு தெரியாமலா இருந்திருக்கும்? நான் கேட்கவில்லை. ராத்தா மட்டும், தான் சொல்லித்தான் அந்தக் கஞ்சி சரிவந்தது என்று இன்றைக்கும் சொல்கிறாள்.