டில்லிக்குப் பத்து, மச்சானுக்கு ரெண்டு

போன மாதம், ஒரு ஞாயிறு காலை. பேப்பரைப் பிரிக்கிறேன்... வாசலில் ஒருவர்.

"சார், நான் அவ்ளோ நல்ல பிளேயர் இல்ல சார். தப்பாப் போட்டுட்டீங்க."

தன்னைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். எங்கள் காஞ்சிபுரம் வட்டார கபடி லீக்கில், பெரிய டீம்கள் நல்ல ஆட்களையெல்லாம் வளைத்துப் போட்டுவிடுகின்றன என்று வருஷா வருஷம் சண்டை. இந்த முறை கமிட்டி என்னிடம் வந்தது. எனக்குக் கபடி தெரியாது — அதனால் பாரபட்சம் பார்க்க மாட்டேனாம்.

நானும் விடவில்லை. வெளிநாட்டு ரக்பி லீக்குகளில் இருப்பதாகப் படித்த முறையைக் கொண்டுவந்து இறக்கினேன். ஆளுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை பாயிண்ட். டீமுக்கு மொத்தம் ஐம்பதுதான். அதில் பத்து பாயிண்ட்காரர் ஒருவர்தான் இருக்கலாம். செலக்‌ஷன் மேட்ச்சில் யார் எத்தனை பேரைத் தொட்டார், யார் முதலில் பிடித்தார் — எல்லாம் எண்ணியாயிற்று. கமிட்டி கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தவர் டில்லி, ஐயம்பேட்டை நெசவாளி. பத்து பாயிண்ட். அவர் மச்சான் கன்னியப்பனுக்கு இரண்டு. ஐயம்பேட்டை டீமில் ஏற்கெனவே ஒரு பத்து இருந்ததால், கன்னியப்பன் மட்டும் அங்கே. டில்லியைத் தாமல் டீம் கொத்திக்கொண்டு போய்விட்டது.

"பைனலுக்கு ஃபேக்டரிக்காரங்க வர்றாங்க சார். தேறினா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை. மச்சான் இல்லாம எப்படி ஆடறது? எனக்கு ஆறு, அவனுக்கு ஆறு போடுங்க. கூட்டினா அதே பன்னெண்டுதானே?"

"புடிச்சது நீங்கதானே?" என்றேன், கறாராக.

"கால புடிக்கறது நானு. அவன் பின்னாலயே வந்து அமுக்கலன்னா எவன் நிப்பான்? தறியிலயும் அப்படித்தான் சார். நான் உடல் நெய்யறேன், அவன் பக்கத்துல குந்திக்கினு கரை போடறான். பொடவைய யாரு நெஞ்சதுன்னா இன்னா சொல்றது?"

இந்த ஊரிலேயே பிறந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் "ரூல்னா ரூல்தாம்பா" என்று அனுப்பிவிட்டேன்.

முதல் சுற்றில் டில்லி காலைப் பிடித்தார், பிடித்தார்... பின்னால் வர ஆளில்லை. பாடி வந்தவர்கள் அவரையும் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிட்டார்கள். ஐயம்பேட்டையில் கன்னியப்பன் அமுக்கத் தயாராக நின்றார், பிடித்துக்கொடுக்க ஆளில்லை.

முதல் சுற்று முடிந்ததும் ஒரே ஒரு முறை பாயிண்ட்டைத் திருத்தலாம் என்பதும் ரூல்; திருத்தினேன். டில்லிக்கு மூன்று, கன்னியப்பனுக்கு ஒன்று. மூன்றுதானே? ஐயம்பேட்டை உடனே டில்லியைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் அந்த இரண்டு பேரிடமிருந்து ஒருத்தர் தப்பவில்லை. டீம் பைனலுக்கு வந்துவிட்டது. சிஸ்டம் தன்னைத் தானே சரிசெய்துகொண்டது என்று கமிட்டியில் வேறு பேசித் தொலைத்தேன்.

நேற்று ஃபேக்டரி அதிகாரி போன் செய்தார். பைனலில் எல்லோரையும் பார்க்க நேரமில்லையாம்; ஏழு பாயிண்ட்டுக்கு மேல் இருப்பவர்களை மட்டும்தான் பார்ப்பார்களாம்.

"மூணு பாயிண்ட்ல ஒருத்தர் இருக்கார் சார்... அவரையும் அவர் மச்சானையும் சேர்த்துப் பாருங்க" என்று கெஞ்சினேன். வெட்கமாக இருந்தது.

"சிபாரிசெல்லாம் வேணாம் சார்," என்றார் அவர், ரொம்பப் பணிவாக. "உங்க லிஸ்ட்தான் ரொம்ப ஃபேர்னு எல்லாரும் சொல்றாங்க. நாங்க அதையே ஃபாலோ பண்ணிக்கறோம்."