திரும்பிப் பார்க்காத பாராவ்

என் பறவைப் பட்டியலுக்கு ஒரே ஒரு சட்டம். கண்ணால் பார்த்தால்தான் பெயர் ஏறும். குரலை மட்டும் கேட்டால் கணக்கில் சேராது. யாரும் விதித்ததில்லை, நானே போட்டுக்கொண்டது. "கேட்டதையும் எழுதிக்கிட்டா யாரு வந்து செக் பண்ணப் போறா லா?" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்தப் பட்டியலில் ஏறாமல் பல வருடங்களாக என்னை அலைக்கழித்தது பாராவ். சின்னான் குருவி இனத்தில் பெரியது. வைக்கோல் நிறத் தலை, ஆற்றோரப் புதர்களில் வாழும். அதன் பாட்டுதான் அதற்கு எமன். கூண்டில் வைத்துக் கேட்கப் பிடித்துப் பிடித்தே அதை அரிதாக்கிவிட்டார்கள்.

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாக்கார் ஆராங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கரங்கானுக்கு அப்பால் ஓர் எஸ்டேட் ஆற்றோரம் போனேன். இறங்கிக் கார்க் கதவைக்கூடச் சாத்தவில்லை, புதருக்குள்ளிருந்து அந்தப் பாட்டு கேட்டது. பைனாகுலரைத் தூக்கினேன். ஓர் இலைக்கொத்து அசைந்தது.

அந்த நேரம் பார்த்து மண்பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். பாட்டு நின்றுவிட்டது. வந்தவன் நம் தமிழ் ஆள், இளவயது. பின்சீட்டில் கறுப்புத் துணி போர்த்திய கூண்டும் பசை தடவிய குச்சிகளும். எனக்குப் புரிந்துவிட்டது. கூண்டுக்குள் இருப்பதும் பாராவ்தான். துணியை எடுத்தால் பாடும். என் இடத்துக்குள் எவன் வந்தான் என்று காட்டுப் பறவை சண்டைக்கு வந்து பசையில் ஒட்டிக்கொள்ளும்.

அவனை அறையக் கை துடித்தது. ஆனால் பிடிக்காதே என்று ஒரு வார்த்தை சொன்னாலும், பறவை இங்கேதான் இருக்கிறது என்று நானே காட்டிக்கொடுத்ததாகிவிடும். புதருக்கு முதுகைக் காட்டி நின்று, எதிரே இருந்த செம்பனை மரத்தைப் பைனாகுலரில் பார்த்தேன்.

"என்னண்ணே பார்க்குறீங்க?"

"மைனா, தம்பி."

"மைனாவா? அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? பாசார் பூரா மைனாதானே லா!"

"எஸ்டேட் மைனா கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்."

அவன் சிரித்தான். என்னை அரைக்கிறுக்கு என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

"இங்க பாராவ் பாடுதுன்னு ரப்பர் மரத்துல பால் வெட்டுற அக்கா சொன்னாங்க. கேட்டீங்களா?"

"இல்லியே தம்பி. காக்காகூட கத்தல."

அவன் கூண்டைக் கிளையில் மாட்டித் துணியை உருவினான். கூண்டுப் பறவை தொண்டையைத் திறந்தது. அவன் குனிந்து குச்சிகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். என் முதுகுக்குப் பின்னால், வெகு அருகில், இலைகள் சலசலத்தன. வந்துவிட்டது.

பைனாகுலரை உள்ளே வைப்பவன்போல் காருக்குள் சாய்ந்து, ஹாரன் மேல் முழங்கையை வைத்து முழு பலத்தோடு அழுத்தினேன்.

கூண்டுப் பறவை கம்பியில் மோதி அலறியது. எனக்குப் பின்னால் ஒரு சிறகடிப்பு எழுந்து ஆற்றுப் பக்கம் போனது. அவன் நிமிர்ந்து என் முகத்தையே முறைத்தான். நான் திரும்பினால் அவன் கண்ணும் அங்கே திரும்பும். நான் திரும்பவில்லை. வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டதில்லை.

"என்னண்ணே நீங்க!"

"கை பட்டிருச்சு தம்பி, மன்னிச்சிரு."

மிரண்டுபோன கூண்டுப் பறவை அதன்பின் வாயைத் திறக்கவில்லை. "இங்க ஒண்ணும் இல்ல போல," என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் மூட்டை கட்டினான்.

வெயில் ஏறும்வரை காத்திருந்தேன். பாராவ் வரவில்லை.

"புதுசா ஏதாச்சும் கெடச்சுச்சா?" என்று கேட்ட மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். "இன்னொரு நாள் போய்ப் பார்த்துட்டு வாங்களேன்," என்றாள். இந்த முறை கிண்டல் இல்லை.

எப்படிப் போவது? அங்கே என் காரை மறுபடி கண்டால் அவனுக்குப் புரிந்துவிடும். மைனா பார்க்க யாரும் இரண்டாம் தடவை அவ்வளவு தூரம் போகமாட்டார்கள்.