இருநூறு பங்குகளை வாங்கியவர்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து அங்கன்வாடி ஆசிரியை தங்கபாய்க்கும் தம்பி எட்வினுக்கும் பேச்சு நின்று ஒன்பது வருஷம். ராஜபாளையத்து நூல் மில்லில் வேலை பார்த்த அப்பா, மில்லின் பங்குகளை ஆளுக்கு இருநூறாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். வீட்டை மட்டும் எழுதி வைக்காமல் கண்ணை மூடிவிட்டார். வீடு கோர்ட்டுக்குப் போனது.

முழங்கால் ஆபரேஷனுக்காகத் தங்கபாய் தன் பங்குகளை விற்க நினைத்தாள். ஊரில் உள்ள பங்குத் தரகர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் விஜி, தினமும் காலையில் அவளுக்காக ஆர்டர் போடுவாள். சாயங்காலம் அது காலாவதியாகும். அந்தப் பங்கைச் சீந்துவாரில்லை. பத்தாம் நாள் அம்புட்டும் ஒரே நொடியில் விற்றுப்போனது.

மூன்று வாரம் கழித்து விஜி போன் செய்தாள். "டீச்சர், செத்த ஆபீஸ் வரை வாங்க. மும்பை ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுல இருந்து கேள்வி வந்திருக்கு."

போனால், உள்ளே எட்வின் உட்கார்ந்திருந்தான். தங்கபாய் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உங்க பங்கை வாங்கினது இவருதான்" என்றாள் விஜி. "யாரு விக்கா, யாரு வாங்குதான்னு ஸ்கிரீன்ல பேரு வராது. விலை ஒத்துப்போனா கம்ப்யூட்டரே கோத்துவிட்டுரும். இவரு நம்ம ராஜபாளையம் பிராஞ்சுல ஆர்டர் போட்டிருக்காரு. ஆனா மும்பையில கண்காணிக்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும். ரெண்டு பேரு கணக்குலயும் உங்க அப்பா வீட்டு அட்ரஸ். பேசி வச்சு, விலைய ஏத்தக் கைமாத்துனீங்களான்னு கேக்காங்க."

முகத்தில் விழிக்காதவனோடு கூட்டுச் சதியா? தங்கபாய் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"பேச்சுவார்த்தையே இல்லம்மா" என்றாள்.

"அதுக்கு ஏதும் ஆதாரம் இருக்கா?"

எட்வின்தான் சொன்னான். "கேஸ் இருக்குல்ல."

வக்கீல் குமாஸ்தாவிடம் அவனே போய் வழக்கு மனுவின் நகலை வாங்கி வந்தான். வாதி தங்கபாய், பிரதிவாதி எட்வின். தம்பி ஈவிரக்கம் இல்லாதவன் என்று தான் சொல்லி எழுதவைத்த வரியை அவன் எதிரிலேயே படித்துப் பார்த்து, உண்மை நகல் என்று தங்கபாய் கையெழுத்துப் போட்டாள்.

"அப்பா மில்லுன்னு வாங்கினேன்" என்றான் அவன். "நீ எதுக்குக்கா வித்த?"

"முழங்கால் ஆபரேஷன்."



மனு நகலோடு விஜி அனுப்பிய விளக்கத்தை எக்ஸ்சேஞ்ச் ஏற்றுக்கொண்டது. வீட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. மதுரையில் ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, கட்டில் பக்கத்தில் எட்வின் இளநீரோடு உட்கார்ந்திருந்தான்.