ஐ வில் கோ அண்ட் கம்

மும்பை செம்பூரில் நான் பாடம் நடத்திய இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஒரு விதி இருந்தது. கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் இங்கிலீஷ் மட்டும்தான். தமிழ், இந்தி, மராத்தி எது வாயில் வந்தாலும் டைரியில் சிவப்புக் குறிப்பு. அந்தக் குறிப்புகளை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. சாயங்காலம் மாட்டுங்காவுக்குத் திரும்பி அம்மாவோடு தமிழில்தான் சண்டை போடுவேன்.

ஆறாம் வகுப்பில் தாராவியிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஐந்துவரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. கணக்கில் கெட்டி. பலகையில் பின்னக் கணக்கு எழுதிப்போட்டால், நான் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். அதையே இங்கிலீஷில் நாலு வரிக் கதையாகக் கொடுத்தால் வெறும் தாள் வரும். ஐம்பத்தெட்டு பேர் உள்ள வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. கேட்டுக் கேட்டுத் தானாக வந்துவிடும் என்றார்கள். எதைக் கேட்டு? பலகையைப் பார்த்து நான் கத்துவதையா?

அரையாண்டுத் தேர்வில் கணக்கிலேயே தோற்றாள். பிரின்சிபால் அவளை அறைக்குக் கூப்பிட்டு வாய்மொழியாகச் சோதித்தார். தேறினால் தொடரலாம், இல்லையென்றால் டி.சி. வகுப்பாசிரியை என்பதால் நானும் உட்கார்ந்திருந்தேன்.

படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம், ஒரு பத்தி வாசிப்பு. தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டாள். பிரின்சிபாலின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. "ஓகே, யூ மே கோ" என்றார்.

அவள் எழுந்து கைகட்டி நின்று, "ஐ வில் கோ அண்ட் கம், மேடம்" என்றாள்.

நம் வீட்டுப் பிள்ளை எதுவும் கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொல்லாது. மரியாதைக்குச் சொன்னாள். பிரின்சிபாலுக்குத் தமிழ் தெரியாது. பாத்ரூம் போய்விட்டு இன்னும் ஏதோ சொல்லத் திரும்பி வரப்போகிறாள் என்று நினைத்து, பேனாவைத் திறந்து வைத்தபடி காத்திருந்தார். பத்து நிமிடம் போனது. ப்யூனை அனுப்பினார். அவள் வகுப்பில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவன் வந்து சொன்னான்.

"தான் சொல்வதே இவளுக்குப் புரியவில்லை" என்று பிரின்சிபால் இங்கிலீஷில் சொன்னார். அதையே எழுதியும் வைத்தார்.

'மேடம், எங்கள் மொழியில் அப்படித்தான் விடைபெறுவோம்' என்று ஒரு வாக்கியம் போதும். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. 'எங்கள்' என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. என் இங்கிலீஷில் மதறாஸி வாடை அடிக்கிறது என்று அந்த அம்மாள் ஏற்கெனவே ஒருமுறை சிரித்திருந்தார். என் வேலையும் அப்போது நிரந்தரமாகவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பெண்ணைத் திருத்தினேன். 'ஐ ஆம் கோயிங்' என்று பத்து முறை எழுத வைத்தேன்.

டி.சி. வாங்க அவள் அம்மா வந்தார். வராந்தாவில் என்னை மறித்துக்கொண்டார்.

"டீச்சர், நீங்களும் நம்ம ஆளுதானே? அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா? எம்மவ மக்கு இல்ல டீச்சர். பாஷதான் மக்கர் பண்ணுது."

"சாரி" என்றேன். அவரிடமும் இங்கிலீஷ்தான்.

பக்கத்தில் நின்ற மகள் என்னைப் பார்த்தாள். "ஐ ஆம் கோயிங், மிஸ்." ஒரு பிழை கிடையாது.

அம்மா அவள் தோளில் ஒன்று வைத்தார். "ஏட்டி, கோயிங்னா போறேன்னுதானே? போயிட்டு வாரேன்னு சொல்லுட்டி."

"இனி இங்க எங்க வரப்போறேன், அம்மா?"

கேட்டுக்கு உள்ளே நின்றுதான் தமிழில் சொன்னாள். சிவப்புப் பேனா என் கையில் இருந்தது. டைரியை அவள் ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தாள்.