ஏபிஎஸ் மாட்யூலுக்குச் செய்த மரியாதை

வண்டிகளின் மூளைக் கோளாறு பார்ப்பவன் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பெரும்பாலும் நானே சொல்லிப் பரப்பியது. மாரிமுத்துவின் வேனில் அந்தப் பெயருக்கு விழுந்த அடியை, தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

மாரிமுத்து வத்திராயிருப்புக்காரர். இருப்பது ஒரே வேன். ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்குப் பெண்களை ஏற்றி இறக்கும் வேலை கிடைப்பதாக இருந்தது. மறுநாள் காலை மில்லில் வண்டியைச் சோதிப்பார்கள். முந்தின நாள் மத்தியானம் என் கடைக்கு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஏபிஎஸ் லைட்டு அணைய மாட்டேங்கு. ஸ்பீடு முள்ளும் பொசுக்குன்னு விழுந்துருது. லைட்டு எரிஞ்சா வேலை கிடையாதுன்னு மில்லுல அவிய கறாரா சொல்லிட்டாவ."

ஸ்கேனரை மாட்டினேன். வண்டிக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்களான மாட்யூல்களில், இன்ஜின் மாட்யூல் பேசியது. ஏர்பேக் மாட்யூல் பேசியது. பிரேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் மாட்யூல் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் ஒயர்களை அளந்தேன். அறுபது ஓம், சரி. ஃபியூஸும் நல்லது. பேட்டரியைத் திரும்ப மாட்டிப் பார்த்தால் சப்ளையும் வருகிறது. மிச்சம், கரண்ட் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த்.

அந்த எர்த் போல்ட்டில்தான் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது. பம்பரில் கட்டினால் ஆடு இழுத்துத் தின்கிறது என்று மாரி பானெட்டுக்குள் கட்டியிருக்கிறார். வழக்கமாக அந்த போல்ட்டைக் கழற்றிப் பார்ப்பேன். ஆனால் நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அவர் சாமிக்கு வைத்துக் கட்டிய பழத்தில் நான் கை வைக்கலாமா? மாட்யூல் பிளக்கில் இருந்து பாடிக்கு மீட்டரை வைத்தேன். பீப் என்றது. எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

"மாட்யூல் அவுட்டு, மாரி. சென்னையில இருந்து வரணும். நாளைக்கு ஏலாது."

மாரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அம்புட்டுதானா அண்ணாச்சி? இந்த வேலைய நம்பித்தான் மத்த சவாரிய எல்லாம் விட்டேன்."

மனசு கேட்காமல் ஒரு ஹெட்லைட் பல்பை எடுத்து, பேட்டரி பிளஸ்ஸுக்கும் மாட்யூல் பிளக்கின் எர்த் ஒயருக்கும் நடுவில் போட்டேன். செத்த நேரம் மினுக்மினுக் என்றது, அவ்வளவுதான். பேட்டரி மைனஸில் வைத்தால் பளீரென்று எரிந்தது. அடப்பாவி, எர்த்!

"மாரி, கோவிச்சுக்காத. அந்தப் பழத்தைக் கொஞ்சம்..."

"பழமா?" பிய்த்துத் தூர வீசினார். "அது அழுகிப்போச்சு அண்ணாச்சி. மாத்த மறந்துட்டேன்."

அடியில் எர்த் முனை பச்சை பூத்துக் கிடந்தது. மாதாமாதம் கட்டிய அமாவாசைப் பழங்களில் இருந்து ஒழுகிய சாறு. தேய்த்து, புது முனை போட்டு முறுக்கினேன். மாட்யூல் பேசியது. லைட் அணைந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எடுத்திருப்பேனே?"

"உன் மனசு சங்கடப்படும்னுதான்..."

"வேலை போயிருந்தா மட்டும் சங்கடப்படாதாக்கும்?"

புதிதாக வருபவர்களே, மீட்டரின் பீப்பை நம்பாதீர்கள்; துளி கரண்ட் போனாலே அது பீப் அடிக்கும். எர்த்தை பல்பு போட்டு, லோடு கொடுத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால், வண்டிக்காரரிடம் வாயைத் திறந்து கேளுங்கள்.

வேன் மில்லில் பாஸாகிவிட்டது. அடுத்த அமாவாசைக்கு மாரி புதுப் பழத்தோடு கடைக்கு வந்தார்.

"எங்க கட்டணும்னு நீங்களே பாத்துக் கட்டிருங்க, அண்ணாச்சி."

எர்த்துக்கும் படாமல், ஆட்டுக்கும் எட்டாமல் ஓர் இடம் தேடி, நானே கட்டிக்கொடுத்தேன்.