உருளையை நிறுத்தச் சொன்ன டீச்சர்

என் எழுத்து கோழி கிறுக்கியது போலிருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் மண் அரைக்கும் உருளையை ஓட்டுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். ஒருநாள் அங்கிருந்து ஒல்லியான டீச்சர் ஒருவர், போனை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, புள்ளைங்க வாசிக்கிறத இந்தப் போனுதான் கேட்டு மார்க் போடுது. உங்க சத்தத்துல எல்லாத்தையும் தப்புங்குது. மேல என்னைத்தான் கேப்பாங்க. செத்த நிறுத்துங்க."

நிறுத்திவிட்டுச் சுவரோரம் நின்றேன். ஒரு பெண்பிள்ளை திக்கித் திக்கி வாசித்து, பாதியில் நின்றுவிட்டாள்.

"நீங்களே வாசிச்சிடுங்க டீச்சர், போனுக்கு ஆளு தெரியாது!" என்றது இன்னொரு குரல்.

டீச்சர் சிரித்தார். "நான் வாசிச்சா இவளுக்கு வாசிக்கத் தெரியும்னு போட்டுடும். அப்புறம் இவளுக்கு யாருடா சொல்லித்தருவா? தப்புன்னே போடட்டும்."

அவரிடம் ஏதாவது சொல்லத் தோன்றியது, கூச்சத்தில் சொல்லவில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

ஆவணி, முதல் ஞாயிறு.