ஆலாக் குஞ்சுகளும் உண்ணிகளும்

கணவர் கடலில் மௌத்தானபோது நான் அழவில்லை. நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்த பிறகும் சமைத்தேன், கழுவினேன், படுத்தேன்; அவ்வளவுதான். அந்த நேரத்தில் அக்கரைப்பற்றுப் பிள்ளையொருத்தி, பல்கலைக்கழகத்தில் ஆலா என்ற கடற்பறவைகளைப் பற்றிப் படிப்பவள், முகத்துவார மணல்திட்டுக்குக் கூட வர ஆள் தேடினாள். போனேன்.

ஆலா கூடு கட்டாது. மணலில் நெஞ்சை அழுத்திக் குழியாக்கி முட்டையிடும்; அந்தக் குழிதான் கூடு. குழிகளுக்கு இடையில் கிடக்கும் மரக்கட்டைகளை நான் புரட்டுவேன். அடியில் மிளகு போல உண்ணிகள் அப்பியிருக்கும். அவள் குறட்டால் எடுத்துக் குப்பியில் போடுவாள்.

"இதுகள் எப்படிப் புள்ள மத்தக் கூட்டுக்குப் போகுது?"

"பக்கத்துக் கூடெண்டா நடந்தே போகும், ராத்தா. ஒரு குஞ்சு செத்தா ரத்தம் தேடி அடுத்த குஞ்சுக்கிட்டப் போகும். நோயும் கூடவே போகும். பொடி உண்ணி தாய்ப்பறவையில ஒட்டிக்கிட்டு வேற கரைக்கும் போயிரும்."

"தாய்க்குத் தெரியாதா?"

"தெரியாது போல."

பிறகு கடற்பக்கத்துக் குஞ்சுகள் சாகத் தொடங்கின. சாவு கூடு கூடாக ஆற்றுப் பக்கம் நகர்ந்தது. ஒரு தாய் மீனோடு வந்து செத்த குஞ்சின் முன்னால் நின்றது. அலகைக் குஞ்சின் வாயருகே கொண்டுபோனது. மறுபடியும் கொண்டுபோனது. கடைசியில் மீனைத் தானே விழுங்கிவிட்டுப் பறந்தது. அந்தப் பிள்ளை தேம்பி அழுதாள். நான் செத்த குஞ்சுகளைப் பையில் பொறுக்கிப் போட்டேன். கொஞ்ச நாளில் மிச்சப் பறவைகளும் முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விட்டன.

எனக்குக் காய்ச்சல் வந்தது. போர்வையை விலக்கிய உம்மாதான் கெண்டைக்காலில் நீலம்பாரித்த கடிகளைக் கண்டார்.

"இவ்வளவு கடிச்சிரிக்கி, தெரியல்லயா மகள்?"

"தெரியல்ல."

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை என்றார்கள். உண்ணிக்கடியால் வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார் டொக்டர். அந்தப் பிள்ளை பார்க்க வந்து, "என்னாலதான், ராத்தா" என்று கையைப் பிடித்தாள். இல்லை என்று சொன்னேன்.

காய்ச்சல் தானாக விட்டது. உண்ணிகளிலும் செத்த குஞ்சுகளிலும் ஒரே கிருமி இருந்ததாக அவள் பிறகு போனில் சொன்னாள்.

அடுத்த பருவத்தில் ஆலாக்கள் அந்தத் திட்டுக்கு வரவில்லை. பொத்துவில் பக்கம் இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, உண்ணி கடிக்காமலிருக்க முழங்கால்வரை வரும் நீளச் சப்பாத்து வாங்கிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன்.